ஒரு மயிரிழை மேலே

முதல் தப்பு யாருடையது என்று கேட்டால் மாப்பிள்ளையுடையதுதான், அதை அவரே ஒத்துக்கொள்வார். நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துதான் வாசிப்போம், நடுவில் தடுப்பு கிடையாது, காதில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டோம், அப்புறமாக ஒட்டு வேலை வெட்டு வேலை எதுவும் கூடாது என்று வானொலி நிலையத்து ஒலிப்பதிவாளரிடம் ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். "நாங்க வாசிக்கிறதை அப்படியே பிடிங்க, போதும். வாசிக்கத் தெரியலைன்னா அதையும் பிடிங்க" என்று வீறாப்பாக ஒரு கடிதம் வேறு எழுதிப் போட்டிருந்தார். ஒலிப்பதிவாளர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். பொல்லாத மனுஷன்.

மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்துமூன்று. கிதார் வாசிக்கிறவர். கூட டபுள் பேஸ் வாசித்த நண்பரின் தங்கையையே கல்யாணம் செய்துகொண்டார். ஆள் உயரத்துக்கு நிற்குமே, வயலினுக்குத் தாத்தா மாதிரி ஒரு வாத்தியம், அதுதான் டபுள் பேஸ். அன்றிலிருந்து நண்பர் மச்சான் ஆனார், இவர் மாப்பிள்ளை ஆனார். வாய்ப்பழக்கம் தொற்றிக்கொண்டு, டிரம்ஸ் வாசிக்கிற புயலும் மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தார். புயல் என்றதும் எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிற ஆள் அவர், அதனால் வைத்த பெயர். நாலாவது ஆள் டீச்சர். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற பெண், விடுமுறை நாட்களில் இவர்களுக்குப் பியானோ.

இந்த நாலு பேரும் சேர்ந்து ஓர் இசைத்தட்டு. எட்டு உருப்படி. ஒன்று எல்லாரும் வாசிக்கிற பழைய நடன மெட்டு, மற்ற ஏழும் மாப்பிள்ளை சொந்தமாகப் போட்டவை. 'பல் டாக்டர் வீட்டு வாசல்', 'குடையை மறந்தேன்', 'மூணாவது மாடியில் யாரோ' என்று விவகாரமான பெயர்கள். ஜாஸ் என்றால் யார் கேட்கிறார்கள் என்று பத்து வருஷம் கதவைச் சாத்திய வானொலிக்காரர்கள், திடீரென்று மனசு இறங்கி, பெரிய கூடத்தை இரண்டு நாளுக்கு விட்டார்கள். சனி, ஞாயிறு. ஞாயிறு நாலு மணியோடு சரி. திங்கட்கிழமை தச்சர்கள் வந்து தரைப்பலகையைப் பெயர்க்கப் போகிறார்கள், ஆறு மாதத்துக்குக் கூடம் மூடல்.

சனிக்கிழமை மூன்று மணிக்குள் ஏழு உருப்படி முடிந்துவிட்டது. புயலுக்கே வேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: 'கதவைச் சாத்திட்டு வா'.

அது மச்சானுடைய மனைவிக்காகப் போட்ட மெட்டு. மாப்பிள்ளை அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இவர்கள் இருவரும் பயிற்சி முடித்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுப்பார்: "கதவைச் சாத்திட்டு வா!" யாரைச் சொல்கிறார் என்று தெரியாமல் இரண்டு பேருமே திரும்பிப் போய்ச் சாத்துவார்கள். போன வருஷம் அக்கா போய்விட்டார். மச்சான் அதற்குப் பிறகு காலையில் எழுந்து பல் விளக்குவதே அந்தப் பெரிய வாத்தியத்துக்காகத்தான், அவரே அப்படித்தான் சொல்வார். அக்காவின் மெல்லிய குரலை மனசில் வைத்து, மாப்பிள்ளை அந்த மெட்டை டபுள் பேஸின் உச்சியில், கழுத்து முடிந்து உடம்பு ஆரம்பிக்கிற இடத்துக்கும் கீழே எட்டிப் பிடிக்கிற சுரங்களில் அமைத்திருந்தார். முதலில் மச்சான் மட்டும் தனியாக ஒரு சுற்று. அப்புறம் கிதார். அதற்கப்புறம் பியானோ, அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலே நாலு சுரம், அவ்வளவுதான்.

முதல் டேக் வாசித்துவிட்டு எல்லாரும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் போய்ச் சேர்ந்து நின்று கேட்டார்கள். மச்சான் தனியாக வாசித்த இடம் அப்படியே நெஞ்சைப் பிடித்தது. கிதார் வந்து சேர்ந்ததும் மாப்பிள்ளைக்குச் சுரீர் என்றது. மச்சான் சுருதியில் ஒரு மயிரிழை மேலே இருந்தார். பியானோவும் வந்தபோது இரண்டு மயிரிழை போலக் கேட்டது. டீச்சர் தரையைப் பார்த்தாள். புயல் கூரையைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் பென்சிலை எடுத்துத் தாளில் எதையோ எழுதப் போய், எழுதாமலே கீழே வைத்தார்.

கிதாரில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று குறுக்கே உலோகப் பட்டை இருக்கிறது. டபுள் பேஸில் அதெல்லாம் கிடையாது, வழவழவென்று ஒரே பலகை. கீழ்ச் சுரங்களுக்கு நாற்பது வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் உட்கார்ந்துவிடும். உச்சிக்குப் போனால் காதுதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மச்சானுடைய காது அந்த வேலையை விட்டுவிட்டது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஆறு மாதமாகவே மாப்பிள்ளைக்கு ஒரு நெருடல் இருந்தது. ஆனால் பயிற்சி செய்த இடம் பழைய குளிர்பெட்டி ஒன்று ஓயாமல் உறுமுகிற பின்னறை. டீச்சரும் கடைசி இரண்டு வாரம்தான் வந்தாள். அந்த அறையில் கடவுளே வந்து வாசித்தாலும் சுருதி விலகித்தான் கேட்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். "அண்ணன் டிவியை அலற விடுறார், போனை எடுத்தா எதுவும் காதுல விழ மாட்டேங்குது" என்று மனைவி சொன்னபோதும், "வயசாகுதில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சோம்பேறித்தனம்தான், வேறென்ன? பயம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மச்சான் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். பிறகு மாப்பிள்ளையின் தோளைத் தொட்டார்.

"மாப்ள, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க மச்சான்."

"பியானோ இறங்கிக் கெடக்கு."

டீச்சர் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. ஒலிப்பதிவாளர் தொண்டையைக் கனைத்து, "வெள்ளிக்கிழமைதான் சுருதி சேர்த்தாங்க" என்று ஆரம்பித்தார்.

"ஆளை மறுபடி வரச் சொல்லுங்க. காலைல முதல் வேலையா" என்றார் மாப்பிள்ளை, அவசர அவசரமாக.

மறுநாள் காலை சுருதி சேர்ப்பவர் ஒரு கனத்த பையோடும் ஓயாத தும்மலோடும் வந்தார். பியானோவின் மூடியைத் தூக்கி, ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேட்டார். பிறகு மாப்பிள்ளையைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு, டீ இயந்திரத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"யாருங்க சொன்னது? கல்லு மாதிரி நிக்குது."

"தெரியும்" என்றார் மாப்பிள்ளை. "சும்மா ஒரு அரைமணி நேரம் திருகுற மாதிரி பண்ணுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். திருகாம திருகச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு தும்மல் தும்மி, உள்ளே போய் நல்ல பிள்ளையாக அரைமணி நேரம் நடித்தார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்து வந்து, நாலு கட்டையை அழுத்திப் பார்த்து, "ஆங், இப்ப சரி" என்றார். மாப்பிள்ளைக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாவது டேக். அதே கதை. மூன்றாவது, அதே கதை.

அதற்குப் பிறகு மனுஷன் செய்யாத தந்திரம் இல்லை. "மச்சான், இதையே கீழ, அடித் தந்தியில வாசிச்சா கனமா இருக்கும்ல?" என்று நைசாகச் சொல்லிப் பார்த்தார். மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவ குரல் கீழயா இருந்துச்சு?" என்று கேட்டார். சரி, பியானோ வேண்டாம், மூன்று பேராக வாசிக்கலாம் என்று டீச்சரைப் போய் ஓரமாக உட்காரச் சொன்னார். கிதாரையாவது திருகி மேலே ஏற்றிக்கொள்ளலாம், பியானோவை ஏற்ற முடியாதே. டீச்சருக்குப் புரிந்துவிட்டது, போய் உட்கார்ந்தாள். மச்சானுக்குத்தான் கோபம் வந்துவிட்டது.

"என்ன மாப்ள இது அநியாயமா இருக்கு? அந்தப் பொண்ணு லீவு நாளை விட்டுட்டு வந்திருக்கு. அதை மூலைல உக்கார வெச்சிட்டு நான் வாசிக்கணுமா? அது வாசிக்கலைன்னா நானும் வாசிக்கல, ஆமா."

டீச்சர் மறுபடி பியானோவுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. மச்சான் அது அவமானத்தினால் என்று நினைத்துக்கொண்டு, அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, மாப்பிள்ளையை முறைத்தார். கிதாரை மட்டும் ஒரு இழை ஏற்றிக்கொண்டு ஒரு டேக் வாசித்துப் பார்த்தார்கள். மச்சானோடு சேர்ந்தது, பியானோவோடு பிய்த்துக்கொண்டு போனது. தலைக்கு இழுத்தால் கால் தெரிகிறது, காலுக்கு இழுத்தால் தலை தெரிகிறது. போர்வை அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒலிப்பதிவாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தடுப்பு வெச்சிருந்தா பேஸை மட்டும் தனியா எடுத்துச் சரி பண்ணியிருப்பேன். இப்ப பியானோ மைக்ல பேஸ் இருக்கு, கிதார் மைக்ல பேஸ் இருக்கு. ஒண்ணும் பண்ண முடியாது." சட்டைப்பையைத் தொட்டுக் காட்டாததுதான் குறை. "இந்த ஒண்ணை விட்டுடலாமே?" என்றும் சொன்னார்.

விடுவதா? ஒரு வருஷமாக மச்சான் தினமும் சாயங்காலம் ஆளில்லாத வீட்டில் இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். தட்டுக்கே இதுதான் பெயர் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. விட்டால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அதற்கு மேல் அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்?

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"சொல்லிடுங்க" என்றாள். "எத்தனை நாளைக்கு மென்னு முழுங்குவீங்க? நீங்க சொன்னா கேப்பாரு."

"சரி."

அடுத்த நொடியே அவள் குரல் உடைந்து, "வேண்டாங்க. சொல்லாதீங்க. வேற என்னவாவது பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

வேறு என்ன பண்ண? மூன்று மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மச்சான் வாத்தியம் வழுக்காமல் இருக்க அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முள்ளுக்குக் கீழே மடித்த செய்தித்தாளைச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். அடேயப்பா, அந்தத் தனிச் சுற்று! பக்கத்தில் வேறொரு சுரம் இல்லாதவரைக்கும் அவரிடம் எந்தக் குறையும் இல்லை. அக்கா அடுக்களையில் நின்று கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. சுற்று முடிந்தது. கிதார் உள்ளே வர வேண்டிய இடம் வந்தது.

மாப்பிள்ளையின் விரல் தந்திமேல் இருந்தது. தட்டவில்லை. தட்டினால் கெட்டுவிடும் என்று தெரியும். இப்படியே தனியாகவே போகட்டும், என் மெட்டில் நான் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது என்று நினைத்தார். மச்சான் கண்ணைத் திறந்து பார்த்தார். சிரித்துவிட்டு, இன்னொரு சுற்று வாசித்தார். மறுபடி இடம் விட்டார். மாப்பிள்ளை குனிந்துகொண்டார். மூன்றாவது சுற்றின் முடிவில் மச்சான் கடைசிச் சுரத்தை நீளமாக இழுத்து நிறுத்தினார்.

"இதுவே இருக்கட்டும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இதுதான் பிரமாதம்."

மச்சான் வாத்தியத்தைப் பக்குவமாகப் படுக்கவைத்தார். "எங்கூட வா" என்று தாழ்வாரத்துக்குப் போனார். தெரிந்துவிட்டது, கேட்கப் போகிறார், இனி மறைக்க முடியாது என்று மாப்பிள்ளை பின்னாலேயே போனார். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

டீ இயந்திரத்துப் பக்கத்தில் மச்சான் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கே உள்ள வரணும்னே மறந்துட்ட, இல்ல? பரவாயில்ல. எங்கிட்ட எதுக்கு மறைக்கிற?"

"எதை மச்சான்?"

"நாலஞ்சு மாசமாப் பாக்குறேன் மாப்ள. நீ இறங்கி வாசிக்கிற. நான்தான் உன்னைத் தூக்கி நிறுத்த முட்டுக் கொடுத்துட்டே இருக்கேன். காலைல நீ தந்தியைத் திருகித் திருகித் தவிச்சதைப் பார்த்து எனக்கு மனசே ஆறல. நேத்து எல்லார் முன்னாடியும் உன் மானம் போகக் கூடாதுன்னுதான் பழியைப் பியானோ மேல போட்டேன். பாவம் அந்தத் தும்மல்காரர், ஒண்ணுமில்லாததைத் திருகிட்டுப் போனாரு. நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்?"

மாப்பிள்ளை டீ இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச நாளா சத்தம் போட்டு வேற பேசுற" என்றார் மச்சான். "காது மந்தமாகுறவங்க அப்படித்தான் பேசுவாங்க. உனக்கே தெரியாது. என் தங்கச்சிகிட்டகூட நான் மூச்சு விடல. நாளைக்கே ஒரு காது டாக்டரைப் பாத்துடலாம். தனியாப் போகாத, நானும் கூட வர்றேன்."

இப்போது சொல்ல வேண்டும். சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையா? மச்சான், எனக்கில்லை, உங்களுக்குத்தான் என்று ஒரு வாக்கியம். ஆனால் அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு அப்புறம், தான் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்த முகம் அது. மாப்பிள்ளை தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. மச்சான் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "அசடு, வைத்தியம் பண்ணா சரியாப் போயிடும்" என்றார்.

மூன்றரைக்குக் கடைசி டேக். மாப்பிள்ளை கிதாரின் ஆறு தந்தியையும் ஒரு மயிரிழை மேலே ஏற்றிக்கொண்டார். டீச்சர் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பியானோவுக்கு முன்னாலேயே உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். மச்சான் கண்ணை மூடி ஒரு சுற்று வாசித்தார். கிதார் போய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றாக, மற்ற ஏழு உருப்படிக்கும் ஒரு மயிரிழை மேலே, கடைசிவரை சேர்ந்தே போயின. புயல் கம்பித் தூரிகைகளால் டிரம்ஸின் தோலை வருடிக்கொண்டே அழுதார். டீச்சர் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

"பாத்தியா, கடைசில வந்து சேர்ந்துட்ட" என்றார் மச்சான், விளக்கு அணைந்ததும். பிறகு பியானோப் பக்கம் திரும்பினார். "நீயும் அருமையா வாசிச்சம்மா. அந்த மேல் சுரம் நாலும் முத்து முத்தா விழுந்துச்சு."

டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டாள். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னால் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மச்சான் வாத்தியத்தை உறைக்குள் இறக்கி, பெரிய ஜிப்பை மேலிருந்து கீழே இழுத்து மூடினார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், நின்றார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியா இரு மாப்ள. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"என்ன?"

மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.